காருக்குப் பிடித்த சீதளம்

மோட்டார் காருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நான் முழுசாக மூன்று மாதம் நம்பினேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவன், தோட்டத்து ஆபீசில் கிராணி, காதில் பேனா செருகிக்கொள்ளும் பெரிய மனிதன். இத்தனை தகுதியை வைத்துக்கொண்டும் நம்பினேன். நம்ப வைத்த ஆசாமி அப்படி. ஜித்ராவிலிருந்து பாக்கார் ஆராங் வரைக்கும் மலாயாவின் கெடா மாநிலத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு காருக்காகத் தும்மக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான் கிடைப்பார்.

அவர் சீதளம் டிரைவர். தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

உலகத்தில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் அவரிடம் ஒரே காரணம்தான் இருந்தது. பல்வலியா, சீதளம். மாமியார் மருமகள் சண்டையா, "அந்தம்மா ஈரத்தரையில படுக்குது, தலையில நீர் கோத்துக்கிச்சு." ஜப்பான்காரன் படையெடுத்து வந்ததும் வெள்ளைக்காரன் இரண்டே மாதத்தில் மலாயாவை விட்டு ஓடினானே, அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"ஐஸ் போட்டு ஐஸ் போட்டுக் குடிச்சான்லா. நெஞ்சுல கபம் கட்டிப்போச்சு. கபம் கட்டுனவன் எப்பிடித் தம்பி சண்டை போடுவான்?"

விடியற்காலைக் குளிரில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது பால்மரம் வெட்டும் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையும் அவர் விடவில்லை. "பாலா அது? மரத்துக்கு மூக்கு ஒழுகுது. அதப் போயி மங்கு வச்சுப் புடிச்சுக்கிட்டுத் திரியிறீங்க" என்பார்.

எங்கள் தோட்டம் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இருந்தது. மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி மரங்களுக்கிடையே இறங்கி நிற்கும். மற்றவர்களுக்கு அது பனி. சீதளத்தாருக்கு அது படையெடுப்பு. காதில் பஞ்சு, கழுத்தில் வெள்ளைக்காரத் துரைசானி விட்டுப்போன கம்பளி மஃப்ளர், உள்ளே இரண்டு பனியன், மேலே சட்டை, அதற்கு மேலே ஒரு சாக்கு. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு அவர் ஸ்டீரிங் பிடித்தால் டிரைவர் தெரியமாட்டார். ஏதோ ஒரு மூட்டை கார் ஓட்டிக்கொண்டு போவது போல இருக்கும்.

கார் என்றேனே, அது பழைய வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டுப்போன கறுப்புக் கார். சீதளத்தார் அதற்குத் தங்கம் என்று பேர் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் முதல் வேலையாக ரேடியேட்டர் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை திறந்துவிட்டுவிடுவார்.

"எதுக்குண்ணே?"

"ராத்திரி பூரா நெஞ்சுல தண்ணி நின்னா சளி கட்டாதா?"

அப்புறம் முன்பக்கம் முழுக்க ஊரிலிருந்து வந்த கறுப்புக் கம்பளியைப் போர்த்துவார். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி உண்டு. காலையில் மலையிலிருந்து மூங்கில் குழாயில் வரும் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார். ஊற்றும்போது, "பொறுத்துக்கத்தா, பொறுத்துக்க" என்று பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலச் சொல்லிக்கொண்டே ஊற்றுவார்.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். வீட்டிலிருந்த ஒரே கம்பளி காருக்குப் போய்விட்டதால் அக்கா கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பார். "அவளுக்கே தாலியக் கட்டியிருக்கலாம். நான் வெளங்கிற வீட்டுக்காவது போயிருப்பேன்" என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வார். சீதளத்தார் அசரமாட்டார். "ஒனக்குக் குளிர்னா வாயத் தொறந்து சொல்லிருவ. தங்கத்துக்கு வாய் இருக்கா?"

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் என்பது மருந்துக்குக் கிடைக்கிற சமாச்சாரம். ரப்பரை டிரம்மில் போட்டுக் காய்ச்சி ஓர் எண்ணெய் இறக்குவார்கள். கார், லாரி எல்லாம் அதில்தான் ஓடின. தோட்டம் முழுக்க டயர் எரிகிற நாற்றம். ஆனால் அந்த எண்ணெய்க்கு ஒரு குணம், ஆறிய இஞ்சினில் அது பற்றாது. முதலில் பெட்ரோலில் கிளப்பி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ஒரு குழாயைத் திருப்பி ரப்பர் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் ஸ்தோர் அறையைத் திறந்து சீதளத்தாருக்குப் பெட்ரோல் அளந்து கொடுக்கிற வேலை என்னுடையது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஜப்பான்காரன் வந்து எனக்குக் கொடுத்த ஒரே பதவி அதுதான்.

வெயில் காலத்தில் அரைப் போத்தல் வாங்கிப் போவார், அதிலும் கொஞ்சம் மிஞ்சும். ஐப்பசி மழை பிடித்ததும் முக்கால் போத்தல் ஆனது. மார்கழி பிறந்ததும் ஒரு போத்தல் கேட்டார்.

"என்னண்ணே இது, அநியாயமா இருக்கு?"

"குளிருது தம்பி. குளிர்ற நாள்ல நம்ம ஆளுங்க கள்ளுக்கடையில ஒரு மங்கு கூடக் குடிக்கல? தங்கமும் அப்பிடித்தான். ஒடம்பு சூடாகிற வரைக்கும் கேக்கத்தான் செய்யும்."

நியாயமாகப் பட்டது. கொடுத்தேன். சில நாள் கூட இரண்டு விரல் ஊற்றியும் கொடுத்தேன். பாவம், வாயில்லா ஜீவன்.

தை மாதத்தில் ஒருநாள் புதிய மேனேஜர் ஸ்தோருக்குள் வந்தார். ஜப்பான்காரர், வட்டக் கண்ணாடி போட்டிருந்ததால் தோட்டத்தில் அவருக்குக் கண்ணாடித் துரை என்று பேர். எதையும் அளந்து பார்க்காமல் தூங்கமாட்டார். பெட்ரோல் டிரம்மை விரலால் தட்டினார். நிறைந்த டிரம் 'தொப்' என்று சொல்லும். இது 'டங்' என்றது. மறுபடியும் தட்டினார். 'டங்.' நான் இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டேன்.

சீதளத்தாரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் துரைக்கு மலாய் அரைகுறை. சீதளத்தாரின் தமிழை மலாய் ஆக்கித் துரைக்குச் சொல்வது என் பொறுப்பு.

"காடிக்குக் குளிருது தொரே. அதான் கூடக் குடிக்குது."

சொன்னேன். துரை சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். "செஜோக்?" என்றார். குளிரா என்று கேட்கிறார். அவருடைய ஊரில் வீட்டுக் கூரை வரை பனி விழுமாம், கதவைத் திறக்க மண்வெட்டி வேண்டுமாம். "இதுவா குளிர்?" என்றார்.

சீதளத்தார் அனுதாபத்தோடு தலையாட்டினார். "கேளுங்க தம்பி, சின்னப் புள்ளையிலேர்ந்து அவ்வளவு பனியில கெடந்திருக்காரு. அதான் மூளை வரைக்கும் எறங்கிருச்சு. அந்தக் கோவம் பூராவும் சீதளக் கோவம்."

"துரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார்" என்று நான் மலாயில் மொழிபெயர்த்தேன்.

துரையின் சிரிப்பு நின்றது. மறுநாள் காலை ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் தானே ஷெட்டுக்கு வந்து அளந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். கார் ஒரு போத்தல் குடித்தால் சரி. குடிக்காவிட்டால், இத்தனை நாள் மிச்சப் பெட்ரோலைத் திருடியவனும், அதை அளந்து கொடுத்த கிராணியும் அடுத்த கூட்டத்தோடு சயாமுக்கு.

சயாமுக்கு என்றால் ரயில் பாதை போடுகிற இடம். எங்கள் தோட்டத்திலிருந்து அதற்கு முன் இரண்டு தடவை லாரி நிறைய ஆட்களை ஏற்றிப் போயிருந்தார்கள். ஒருவர்கூட அதுவரை திரும்பி வரவில்லை.

பயம் வந்தால் புத்தி வரும் என்பார்கள். எனக்கு வந்தது. காருக்காவது, குளிராவது! மூன்று மாதமாக ஒரு கழுதை போல நம்பியிருக்கிறேனே, இந்த மனுஷன் பெட்ரோலைச் சுங்கைப் பட்டாணியில் கறுப்புச் சந்தையில் விற்றுவிட்டு வருகிறார் என்று ஒரே நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. உடனே துப்புத் துலக்கக் கிளம்பினேன். பாசம் பொங்கியது போல அவரைக் கட்டிப்பிடித்துச் சட்டையை மோந்தேன். தைல வாசனைதான் வந்தது. அவர் கண் கலங்கி, "பயப்படாதீங்க தம்பி" என்று என் முதுகைத் தட்டினார். அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களையை நோட்டம் விட்டேன். பானைக்குப் பின்னால் ஒரு போத்தல்! அக்கா திரும்புவதற்குள் எடுத்து மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தே பார்த்தேன். ஓமத் தண்ணீர். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை, வயிற்றுப் பொருமல்தான் தீர்ந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் ரயில் பெட்டியாகவே தெரிந்தது. ஜப்பான்காரனைப் பார்த்தால் இடுப்பு வளைத்துக் குனிய வேண்டும் என்பது சட்டம். பயத்தில் நான் வேலை மேற்பார்க்கும் மண்டோருக்குக் குனிந்தேன், கணக்குப்பிள்ளை வளர்த்த ஆட்டுக்குக் குனிந்தேன். ஆடு பதிலுக்குத் தலையாட்டியதாக ஞாபகம்.

சீதளத்தாரோ முனியாண்டி சாமி முன்னால் நின்றுகொண்டிருந்தார். காதில் பஞ்சைக் காணோம். "சாமி, நாளைக்கி நல்லாக் குளிரணும். பல்லு கிட்டிக்கிற மாதிரிக் குளிரணும்" என்று வேண்டிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் குளிரைத் திட்டிய வாய்! மனுஷனுக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டினேன். இனி நம் இரண்டு பேர் உயிரும் என் கையில்தான்.

காலையில் பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே ஷெட்டுக்குப் போனேன். முனியாண்டி வேண்டுதலைக் கேட்டுவிட்டார் போலும், அப்படி ஒரு பனி. உள்ளே பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கத்தின் மேல் கம்பளி இல்லை! மடித்து ஓரமாக வைத்திருந்தது. பாவம், கவலையில் போர்த்த மறந்துவிட்டார். கார் ஐஸ்கட்டி போலச் சில்லிட்டுக் கிடந்தது. நான் அவசர அவசரமாகக் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். அது போதுமா? அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, ஒரு டின்னு சுடுதண்ணி வேணும்."

"எதுக்கு?"

"குளிக்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தால நீங்க குளிச்சு இந்தத் தோட்டத்துல யாரு பாத்திருக்கா?" என்றார். ஆனாலும் கிழங்கு அவிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றிக் கொடுத்தார். சூடு தாங்காமல் என் கட்டம் போட்ட நீலத் துண்டை டின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டேன். ஷெட்டுக்குப் போகிற வழியில் நான் நடுங்கிய நடுக்கத்தில் கால்வாசித் தண்ணீர் என் வலது பாதத்தில் விழுந்தது. ஒவ்வொரு மரமும் கண்ணாடித் துரையாகத் தெரிந்ததால் நின்று நின்று, ஒளிந்து ஒளிந்து போனேன். போய்ச் சேர்வதற்குள் கொதித்த தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. காலியாக இருந்த ரேடியேட்டரில் அவ்வளவையும் ஊற்றினேன். ஆள் வரும் சத்தம் கேட்டதும் டின்னைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பெரட்டுக் கூட்டத்தில் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

பெரட்டு முடிந்தது. துரை போத்தலில் சுண்ணாம்பால் நான்காகக் கோடு போட்டு எடுத்துவந்தார். சீதளத்தார் ஷெட்டுக்குள் நுழைந்தார், கம்பளியைப் பார்த்தார், நின்றார். ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் மஃப்ளரையும் மீறி ஒரு பீதி தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் துரை, "ஸ்டார்ட்!" என்றார்.

சீதளத்தார் முன்னால் கைக்கம்பியைச் செருகி ஒரே சுற்று. தங்கம் பூனை மாதிரிக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் சூடேறி, குழாயைத் திருப்பியும் ஆயிற்று. போத்தலைப் பார்த்தால் முதல் கோடு வரைதான் இறங்கியிருந்தது. கால் போத்தல்! நான் காது வரை சிரித்தேன். துரையின் பெட்ரோலில் முக்கால் போத்தலை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் அல்லவா?

துரை என் சிரிப்பைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். "இன்றைக்குக் கால் போத்தல். தினமும் ஒரு போத்தல். மிச்சம் எங்கே?" என்றார்.

அப்போதுதான் ஐயா எனக்கு உறைத்தது. கார் நிறையக் குடித்தால்தான் நாங்கள் திருடவில்லை என்று ஆகும். அதற்காகத்தான் அந்த மனுஷன் குளிரை வேண்டிக்கொண்டார். அதற்காகத்தான், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, கம்பளியை எடுத்து மடித்து வைத்தார். நான் போர்த்தி, வெந்நீர் வார்த்து, இரண்டு பேருக்கும் சயாமுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

துரை காரைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து டின்னை இழுத்தார். உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தது. கைப்பிடியில் நீலத் துண்டு. அதைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாருடையது?"

அந்தத் துண்டைத் தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. துணிக்குப் பஞ்சமான அந்தக் காலத்தில் முழுத் துண்டு வைத்திருந்த ஒரே ஆள் நான். பெரட்டு முடிந்து வேடிக்கை பார்க்க வந்து நின்ற அத்தனை பேரும் கவனமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"என்னுது தொரே" என்றார் சீதளத்தார். "தண்ணியும் நான்தான் ஊத்துனேன்."

"பாக்கேரோ!" என்று ஜப்பான் வசவாக ஒரு சத்தம், அதோடு ஓர் அறை. மஃப்ளர் பறந்து பானெட்டின் மேல் விழுந்தது. சீதளத்தார் ஆடாமல் நின்றார். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி" என்றார். "சுடுதண்ணி ஊத்துனா கால் போத்தல். ஊத்தாட்டி ஒரு போத்தல். அப்ப வித்தியாசம் பூரா குளிரு குடிச்சதுதானே? நாளைக்கி தொரையே தன் கையால பச்சத்தண்ணி ஊத்திப் பாக்கட்டும்."

அந்த ஒரு தடவைதான் நான் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். என் குரல் ஆட்டுக்குட்டி குரலாக வந்தது.

துரை போத்தலின் கோடுகளை மறுபடி பார்த்தார். அளந்து பார்க்கிற மனிதர், நாளைக்கும் அளக்கலாம் என்கிற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அவரே ஷெட்டில் காவல் நின்றார். அவரே ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். கம்பளி கிடையாது. சீதளத்தார் சுற்றினார், சுற்றினார், கை ஓய்கிற வரை சுற்றினார். தங்கம் இருமியது, அணைந்தது, மறுபடி இருமியது. ரப்பர் எண்ணெய்க்குத் திருப்புவதற்குள் ஒரு போத்தலும் தீர்ந்து, மேலே இரண்டு விரல் ஊற்ற வேண்டியிருந்தது. காலிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, கூரை வரை பனி விழுகிற ஊரில் பிறந்த துரை மூன்று தடவை தும்மினார்.

சீதளத்தார் என்னைப் பார்த்தார். காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டார். சொல்லவும் வேண்டுமா?

சயாம் ஜாபிதாவில் எங்கள் பேர் ஏறவில்லை. துரை புது உத்தரவு போட்டார்: இனி தினமும் வெந்நீர், பெட்ரோல் கால் போத்தல். வெந்நீர் போட கிராணி. ஜப்பான்காரன் போகிற வரைக்கும் விடியற்காலையில் எழுந்து அக்கா அடுப்பில் நான்தான் தண்ணீர் காய்ச்சினேன். அதிலும் சீதளத்தார் விரல் விட்டுப் பார்த்துப் பதம் சொன்னால்தான் ஊற்றலாம். "கொதிக்கிறத ஊத்துனா இஞ்சின் பிளாக்கே பொளந்துரும் தம்பி. அன்னிக்கி நீங்க நடுங்கி நடுங்கி ஆற வச்சதாலதான் தங்கம் பொழச்சுது" என்பார். என் பயத்தைப் பாராட்டிய ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான்.

அறை வாங்கிய அன்றே அவரிடம் போய், "அண்ணே, அது எனக்கு வந்த அறை" என்றேன். என்னென்னவோ பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், அதற்கு மேல் வரவில்லை.

"விடுங்க. கன்னம் சூடாச்சு. பனிக்கு நல்லதுதான்" என்றார்.

இப்போது எனக்கும் ஒரு கார் இருக்கிறது. தலையில் நரையும் இருக்கிறது. போன மார்கழியில் கார் கூடக் குடிக்கிறதே என்று சுங்கைப் பட்டாணி மெக்கானிக்கிடம் கேட்டேன். இஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாதாம், எண்ணெய் கெட்டிப்பட்டிருக்குமாம், சூடாகிற வரை கூட ஊற்றித்தான் ஆக வேண்டுமாம். "இதுகூடத் தெரியாதா அங்கிள்?" என்றான். தெரியும் தம்பி, ஒரு போத்தலும் இரண்டு விரலும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சீதளத்தார் ஒரு சொட்டுப் பெட்ரோல் திருடியதில்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அந்த நீலத் துண்டைக் கழுத்தில் மஃப்ளருக்கு மேலே சுற்றிக்கொண்டே திரிந்தார். சண்டை முடிந்து, துணி கிடைக்க ஆரம்பித்து, துரைமார் மாறி, நான் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிற அன்றும் அது அவர் கழுத்தில்தான் இருந்தது. லாரியில் ஏறும்போது, "அண்ணே, துண்டையாவது குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"அது என்னுதுன்னு தொரைகிட்டயே சொல்லியாச்சே தம்பி" என்றார்.

அது என் துண்டு.